பின்னணிக் குரல் இல்லாத படத்தை ஆய்வாக ஏற்கலாமா? இனவரைவியல் திரைப்படமும் மானிடவியலும்

துறைவாசல்:

அனைவருக்கும் வணக்கம். முதுகலை மாணவர்களுக்குக் காட்சிசார் மானிடவியல் தாளை நடத்திவருகிறேன். அண்மையில், அமெரிக்கப் பட இயக்குநர் ராபர்ட் கார்ட்னர் காசியில் எடுத்த ‘ஃபாரஸ்ட் ஆஃப் ப்ளிஸ்’ (1986) படத்தை வகுப்பில் திரையிட்டோம். ஒரு விடியலில் தொடங்கி மறுநாள் விடியலில் முடியும் ஒன்றரை மணி நேரப் படம் அது. பின்னணிக் குரல் கிடையாது. திரையில் இருப்பவர்கள் பேசும் பேச்சுக்குச் சப்டைட்டிலும் கிடையாது. செண்டுமல்லி பறிக்கிறார்கள், விறகுப் படகு கரை சேர்கிறது, பெரிய தராசில் கட்டைகளை நிறுக்கிறார்கள், மூங்கிலைப் பிளந்து கட்டுகிறார்கள், பிணங்கள் எரிகின்றன. யார் என்ன உறவு, யாருக்கு என்ன உரிமை என்று எதையும் படம் சொல்வதில்லை.

படம் முடிந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. இது நல்ல சினிமா, ஆனால் மானிடவியல் ஆய்வு ஆகாது என்றார்கள் ஒரு சாரார். எழுத்தில் ஒருபோதும் கைக்கு வராத ஒன்றை இது அறியத் தருகிறது, ஆகவே இதுவும் ஆய்வுதான் என்றார்கள் மற்றவர்கள். இந்த வாதம் எனக்கு ஏட்டுச் சிக்கலாக மட்டும் இல்லை. ஒரு மாணவி தன் ஆய்வேட்டின் பாதியைப் படமாகவே சமர்ப்பிக்க விரும்புகிறார். எந்த அளவுகோலை வைத்து அதை மதிப்பிடுவது என்று துறையில் கேட்கிறார்கள். ஒரு படம் எழுத்தின் துணையின்றித் தானாகவே மானிடவியலாக நிற்க முடியுமா? களப்பணி செய்தவர்களும் படத்தொழிலில் இருப்பவர்களும் தங்கள் கருத்தை எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கள ஏடு:

முடியாது என்பதே என் நிலைப்பாடு. ஒரு மக்களின் வாழ்க்கையைக் களத்திலிருந்து பதிவு செய்யும் இனவரைவியல் படத்துக்கு முதலில் இலக்கணம் வகுத்தவர்களில் ஒருவரான கார்ல் ஹைடர், 1976-ல் வந்த தன் நூலிலேயே, எழுத்து வடிவிலான துணைவிவரம் இன்றி எந்தப் படமும் முழுமை பெறாது என்ற கருத்தை முன்வைத்துவிட்டார். கார்ட்னர் நியூகினியின் பலியம் பள்ளத்தாக்கில் டானி மக்களைப் படமெடுத்த அதே ஆய்வுப் பயணத்தில் இருந்தவர் அவர். பின்னர் அந்தப் படத்துக்கென்றே தனியாக ஒரு துணைநூலும் எழுதினார்.

காசியையே எடுத்துக்கொள்வோம். அங்கே பல ஆண்டுகள் களப்பணி செய்த மானிடவியலாளர் ஜொனாதன் பாரி, கார்ட்னரின் படத்தைப் பற்றி 1988-ல் ஒரு கடுமையான விமர்சனம் எழுதினார். விளக்கம் எதுவும் தராத படம், இந்தியா என்பது வெளியாருக்குப் புரியவே புரியாத வேறோர் உலகம் என்ற பழைய எண்ணத்தைத்தான் வலுப்படுத்தும் என்பது அவருடைய கவலை. அதில் நியாயம் இருக்கிறது. படித்துறையில் பிணம் எரிக்கும் டோம் சாதியினரும் ஈமச்சடங்குப் புரோகிதர்களான மகாபிராமணர்களும் ஈமச்சடங்கு வருமானத்தை முறைநாள் வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இந்த முறைநாள் உரிமை பரம்பரையாக வருவது. பாகப்பிரிவினையில் துண்டுதுண்டாகப் பிரிவது. அதை வைத்து வழக்குகளும் நடப்பவை. டோம்களின் தலைவரான டோம் ராஜா தன் வீட்டில் அமர்ந்து தட்சிணைக்குப் பேரம் பேசும் காட்சியைக் கேமரா பிடித்துவிடும். அந்தப் பேரத்துக்குப் பின்னால் இருக்கும் பங்குக் கணக்கை எந்த லென்ஸாலும் பிடிக்க முடியாது. அதற்குப் பத்திரமும் வம்சாவளியும் வேண்டும், உட்கார்ந்து எழுதியாக வேண்டும்.

வெட்டுமேசை:

படத்தொகுப்பே என் தொழில். ஆவணப்படங்களும் தொகுத்திருக்கிறேன். கள ஏடு சொல்லும் பங்குக் கணக்கு படத்தில் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தராசுக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். கட்டையைத் தூக்கி வைப்பவரின் முதுகு எப்படி வளைகிறது, முள் சமநிலைக்கு வரும்வரை எவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கிறார்கள், எடை போதாதபோது சிறு துண்டு ஒன்றை எவ்வளவு சாதாரணமாக எடுத்து வீசுகிறார்கள் என்பதையெல்லாம் கவனிக்கலாம். சாவு அங்கே அன்றாட உழைப்பாக எப்படி நடக்கிறது என்பது அந்த உடல்களில் இருக்கிறது. ‘விறகு எடைபோட்டு விற்கப்படுகிறது’ என்று ஏட்டில் எழுதும்போது அந்த அறிவு முழுவதும் உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்ததை யாரும் இழப்பாகக் கணக்கில் வைப்பதில்லை. படத்தில் விடுபட்டதை மட்டும் குறையாகச் சொல்கிறோம்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. படம் வாதிடாது, காட்ட மட்டுமே செய்யும் என்ற அனுமானம் இந்த இழையில் ஏற்கெனவே வந்துவிட்டது. பட இயக்குநர் டிமதி ஆஷும் மானிடவியலாளர் நெப்போலியன் ஷாக்னனும் சேர்ந்து உருவாக்கிய ‘தி ஆக்ஸ் ஃபைட்’ (1975) அந்த அனுமானத்துக்கு நல்ல மறுப்பு. வெனிசுவேலாவில், அமேசான் காட்டுப் பூர்வகுடியினரான யானோமாமோக்களின் கிராமம் ஒன்றில், 1971 பிப்ரவரியில் திடீரென்று ஒரு சண்டை மூள்கிறது. படத்தின் முதல் பகுதி, கேமரா பதிவு செய்ததை ஏறத்தாழ அப்படியே காட்டுகிறது: தூரத்துக் கூச்சல், கம்புகள், பிறகு கோடரிகள், எங்கே திருப்புவது என்று தெரியாமல் அலையும் லென்ஸ். அடுத்துத் திரை கறுப்பாகிறது. படக்குழுவினர் தங்களுக்குள் பேசுவது மட்டும் கேட்கிறது. முறைகெட்ட உறவினால் வந்த சண்டை என்று தகவல் சொல்லும் குரல் அதில் இருக்கிறது. அந்தத் தகவல் தவறானது என்று பிறகு படமே சொல்லிவிடுகிறது. தோட்டத்தில் வாழைக்காய் கேட்ட விருந்தாளிக்கு ஒரு பெண் தர மறுத்தாள், அவன் அவளை அடித்தான், அவளுடைய உறவினர்கள் வந்தார்கள். அதன்பின் அதே காட்சி மெதுவாக ஓட, யார் யார் என்பதை அம்புக்குறிகள் காட்டுகின்றன. உறவுமுறை வரைபடங்கள் வருகின்றன. கடைசியில், வெட்டி ஒட்டிச் சீராக்கிய அதே சண்டை.

தொகுப்பாளனாக எனக்கு அந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியம். முதலில் பார்த்த குழப்பம் எதுவும் அதில் இல்லை. காரணமும் விளைவும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. அந்தப் பகுதியை மட்டும் பார்த்திருந்தால் நாம் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பியிருப்போம். தன் சொந்த ஆதாரம் முடிவாக மாறிய வழியை வாசகர் கண்முன் இப்படி விரித்து வைக்கும் இனவரைவியல் நூல்கள் எத்தனை இருக்கின்றன?

காவிரிக்கரை:

இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. விளக்கம் இல்லை என்கிறீர்கள். யாருக்கு விளக்கம் இல்லை? ‘ஃபாரஸ்ட் ஆஃப் ப்ளிஸ்’ படத்தில் மூங்கிலைப் பிளந்து கட்டும் காட்சியில், அது இன்னதென்று தெரியாமல் பார்ப்பவர் தவிப்பதும் பிறகு மெல்லப் புரிந்துகொள்வதும் படத்தின் உத்தி என்று எழுதுகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் வளர்ந்த ஒருவருக்கு அந்தத் தவிப்பு வராது. முதல் கட்டுப் போடும்போதே அது பாடை என்று தெரிந்துவிடும். செண்டுமல்லி எதற்குப் போகிறது என்பதையும் எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆக, படம் மௌனமாக இருக்கிறது என்பது நியூயார்க்கில் உட்கார்ந்திருப்பவருக்குப் பொருந்தும்; நமக்கு அதே படம் பாதிக்கு மேல் பேசிவிடுகிறது. மறுபுறம், போஜ்புரிப் பேச்சு நமக்கும் புரிவதில்லை. அந்த இடத்தில் சப்டைட்டில் தராதது ஒரு கலைத் தேர்வு என்று சொல்லிக் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. பேசுகிறவர்கள் பொருளோடுதான் பேசுகிறார்கள். அதைக் கேட்கும் உரிமையைப் பார்ப்பவரிடமிருந்து எடுத்துவிட்டால், மிஞ்சுவது அவர்களுடைய குரலின் ஓசை மட்டும்தான்.

நம் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. இதே கார்ட்னர், அறிஞர் ஃப்ரிட்ஸ் ஸ்டாலுடன் சேர்ந்து, கேரளத்தின் பாஞ்ஞாள் கிராமத்தில் 1975 ஏப்ரலில் நம்பூதிரிகள் நடத்திய அக்னிசயனத்தைப் பதிவு செய்தார். பன்னிரண்டு நாள் வேள்வி. பறவை வடிவில் செங்கல் அடுக்கிய வேள்வி மேடை. மறுஆண்டு வெளிவந்த ‘ஆல்டர் ஆஃப் ஃபயர்’ படத்தில் பின்னணிக் குரல் எல்லாவற்றையும் விளக்குகிறது. அப்படியானால் இது கூடுதல் மானிடவியலா? வேள்வி நடப்பதற்கான பணத்தில் பெரும்பங்கு ஆய்வுத் திட்டத்தின் வழியாக வெளிநாட்டிலிருந்து வந்தது. பலிக்கு எதிர்ப்பு எழுந்ததால், ஆட்டுக்குப் பதிலாக வாழையிலையில் பொதிந்த அரிசிமாவு வைக்கப்பட்டது. நிகழ்த்துக்கலை ஆய்வாளர் ரிச்சர்ட் ஷெக்னர் பின்னாளில் கேட்டது இதைத்தான்: படமெடுப்பதற்காகவே கூட்டப்பட்ட ஒன்றில், பழையது எது, படத்துக்கானது எது? இதுவே கடைசி வேள்வியாக இருக்கலாம் என்ற எண்ணம்தான் அத்தனை பதிவுக்கும் உந்துதலாக இருந்தது. அதே பாஞ்ஞாளில் 2011-ல் மீண்டும் பெருங்கூட்டத்தோடு அதிராத்ரம் என்ற பெயரில் இந்த வேள்வி நடந்தது. அழியப்போகிறது, ஆகவே பதிவு செய்துவிட வேண்டும் என்ற அவசரத்தை மானிடவியல் மிக எளிதாக நம்பிவிடுகிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கோத்தகிரி வாசகர்:

அந்த அவசரம் இத்துறையில் கேமரா நுழைந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1898-ல் கேம்பிரிட்ஜிலிருந்து, ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையே உள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக் குழு ஒரு சினிமா கேமராவையும் எடுத்துச் சென்றது. குழுத் தலைவர் ஹாடன் படமெடுத்த மாலோ சடங்கு நடனம், மதம் மாறிய தீவில் அப்போதே நின்றுபோயிருந்த ஒன்று. பழைய முகமூடிகள் இல்லாததால் அட்டையில் புதிதாகச் செய்துகொடுத்து ஆடச் சொன்னார்கள். எஞ்சியிருப்பது சில நிமிடப் படம். முதல் களப்படங்களில் ஒன்றே இப்படி மறுநிகழ்த்துதலாக இருந்திருக்கிறது.

எங்கள் மலைக்கும் இதில் தொடர்பு உண்டு. அந்தக் குழுவில் இருந்த ரிவர்ஸ் 1901-02-ல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடம் ஆய்வு செய்தார். 1906-ல் நூல் வெளிவந்தது. இன்னொருவரான செலிக்மன் இலங்கைக்குப் போய் வேடர்களைப் பற்றி எழுதினார். டோரஸ் நீரிணையிலிருந்து ரிவர்ஸ் எடுத்துவந்த முதன்மைக் கருவி, ஒவ்வொருவரிடமும் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்று கேட்டு வம்சாவளிப் பட்டியல் தயாரிக்கும் முறை. அடுத்த அரை நூற்றாண்டு மானிடவியல் அந்தப் பட்டியலின் மேல்தான் வளர்ந்தது. அதே பயணத்தில் போன கேமரா ஓரத்துக்குப் போய்விட்டது. உறவுமுறை, சட்டம், சமூக அமைப்பு என்று கண்ணுக்குத் தெரியாதவற்றையே துறை தன் பொருளாகத் தேர்ந்துகொண்டதும் அதற்கு ஒரு காரணம் என நினைக்கிறேன்.

வெட்டுமேசை:

மானிடவியலாளர் மார்கரெட் மீட் 1975-ல் எழுதிய ஒரு கட்டுரையில், மானிடவியல் சொற்களுக்குள்ளேயே அடைந்துகிடக்கும் துறையாகிவிட்டதே என்று வருந்தியதும் இதைத்தான். அவரும் சக மானிடவியலாளர் கிரகரி பேட்சனும் 1930களின் பிற்பகுதியில் பாலித் தீவில் சுமார் 25,000 புகைப்படங்களும் 22,000 அடி 16 மி.மீ. படச்சுருளும் எடுத்தார்கள். அத்தனை வேலையைச் சேர்ந்து செய்த இருவரும், கேமராவை எப்படி வைப்பது என்பதிலேயே முதுமையில் மோதிக்கொண்டார்கள். முக்காலியில் நிறுத்தி, யாரும் தொடாமல் நீண்ட நேரம் ஓடவிட்டால்தான் பிறரும் ஆராயத்தக்க ஆதாரம் கிடைக்கும் என்றார் மீட். அப்படி நிறுத்திய கேமரா எதையும் பார்ப்பதில்லை, நடக்கும் செயலைத் தேடிப் போகவேண்டும் என்றார் பேட்சன். எடுக்கும் வேலையில் நான் பேட்சன் பக்கம். பாதுகாக்கும் வேலையில் மீட் பக்கம். வெட்டாத மூலச்சுருளைத் தூக்கிப் போட்டுவிட்டு, முடிந்த படத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கம் ஆய்வுக்கு ஆகாது.

கள ஏடு:

வெட்டுமேசை சொன்ன ‘சீராக்கிய’ படம் திரையோடு நின்றுவிடாமல் மனிதர்களின் வாழ்க்கையை எப்படிப் பாதிக்கிறது என்பதைச் சொல்லாமல் இந்த விவாதம் நிறைவடையாது. என் நிலைப்பாட்டுக்கு அடிப்படை அதுதான்.

அமெரிக்கப் பட இயக்குநர் ஜான் மார்ஷல் பதின்வயது இளைஞனாகத் தன் குடும்பத்தோடு 1950களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைநிலத்துக்குப் போனார். இன்றைய நமீபியாவின் நயே நயே பகுதியில், வெளியார் ‘புஷ்மன்’ என்று அழைத்த ஜுஹோவான்சி மக்களிடையே எடுத்த காட்சிகளைக் கொண்டு ‘தி ஹன்டர்ஸ்’ (1957) படம் உருவானது. நான்கு ஆண்கள் ஒரு ஒட்டகச்சிவிங்கியை நச்சு அம்பால் அடித்து, நாள்கணக்கில் தடம் பார்த்துத் துரத்தி, வீழ்த்தி, இறைச்சியோடு ஊர் திரும்புகிறார்கள். காட்சிகள் பல வேட்டைகளிலிருந்து எடுத்தவை. தொகுப்பில் ஒரே வேட்டையாகக் கோத்திருக்கிறார்கள். உணவின் பெரும்பகுதியைப் பெண்கள் சேகரிக்கும் கிழங்கும் கொட்டையும்தான் தருகின்றன என்பதை 1960களில் மானிடவியலாளர் ரிச்சர்ட் லீ அளந்து காட்டினார். ஆனால் உலகெங்கும் வகுப்பறைகளில் ஓடியது மார்ஷலின் படம். பசியோடு போராடும் தூய வேட்டைக்காரன் என்ற உருவம் அதன் வழியாகவும் நிலைபெற்றது.

1958-லிருந்து இருபது ஆண்டுகள் மார்ஷலுக்கு அங்கே போக அனுமதி கிடைக்கவில்லை. 1978-ல் திரும்பிப் போனபோது அவர் பார்த்தது வேறொரு வாழ்க்கை. அப்போது அப்பகுதியை ஆண்ட தென்னாப்பிரிக்க ஆட்சி ஜுஹோவான்சிகளின் நிலத்தில் பெரும்பகுதியைப் பறித்துவிட்டிருந்தது. சும்க்வே என்ற அரசுக் குடியிருப்பில் இலவச மாவும் சாராயமும் காசநோயும் இருந்தன. இராணுவம் இளைஞர்களை ஆளெடுத்துக்கொண்டிருந்தது. 1980-ல் வந்த ‘நய்’ படத்தில், சிறுமியாக அவர் முன்பு படமெடுத்த பெண் நடுவயதில் உட்கார்ந்து தன் கதையைத் தானே சொல்கிறாள். அதே படத்தில், வெளியிலிருந்து வந்த ஒரு வணிகப் படக்குழு அவளுக்குக் காட்சி சொல்லிக்கொடுத்து நடிக்கவைப்பதும் பதிவாகியிருக்கிறது. ‘பழமை மாறாத புஷ்மன்’ எப்படித் தயாரிக்கப்படுகிறான் என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

அதன்பிறகு மார்ஷல் கிணறு தோண்டவும் மாடு வளர்க்கவும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். அப்போது குறுக்கே நின்றது அந்தப் பழைய உருவமே. இவர்கள் வேட்டைக்காரர்கள், விவசாயம் இவர்கள் இயல்புக்கு ஒவ்வாது, நிலத்தை வனவிலங்குக் காப்பகமாக்கலாம் என்று பேசியவர்களில் அரசு அதிகாரிகளும் இருந்தார்கள், உதவி செய்ய வந்தவர்களும் இருந்தார்கள். 2002-ல் ஐந்து பகுதிகளாக, ஆறு மணி நேரம் ஓடும் ‘எ கலகாரி ஃபேமிலி’ வெளிவந்தது. அதன் கடைசிப் பகுதிக்கு, கட்டுக்கதையால் நேரும் சாவு என்று பொருள்படும் தலைப்பை அவர் வைத்தார். தன் முதல் படமும் அந்தக் கட்டுக்கதையில் பங்கு கொண்டது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆகவே என் முதல் பதிவின் வாதத்தைக் கொஞ்சம் நகர்த்திச் சொல்கிறேன். துணைநூல் இருக்கிறதா என்பதோடு, அந்த மக்களிடம் திரும்பிப் போகும் கடமையைப் படம் ஏற்கிறதா என்றும் கேட்கவேண்டும். ‘தி ஹன்டர்ஸ்’ தனியாக எனக்குப் போதாது. ஐம்பது ஆண்டுப் படங்களும் சேர்ந்தே அவருடைய ஆய்வு என்றால் மறுக்கமாட்டேன்.

காவிரிக்கரை:

கள ஏடு, இந்தப் பதிவுக்கு மிக்க நன்றி. திரும்பிப் போவது என்றதும் பிரெஞ்சு மானிடவியலாளரும் பட இயக்குநருமான ஜான் ரூஷ் நினைவுக்கு வருகிறார். நைஜர் ஆற்றில் நீர்யானை வேட்டையைப் படமெடுத்த அவர், 1950களில் அயோரு கிராமத்துக்கே அதைக் கொண்டுபோய், வேட்டையாடியவர்களுக்குத் திரையிட்டார். விறுவிறுப்புக்காக வேட்டைக் காட்சியில் உள்ளூர் வேட்டைப் பாட்டு ஒன்றின் இசையைச் சேர்த்திருந்தார். வேட்டைக்காரர்கள் அதை ஏற்கவில்லை. வேட்டையின்போது சத்தமே கூடாது, இசை கேட்டால் நீர்யானை ஓடிவிடும் என்றார்கள். ரூஷ் இசையை நீக்கினார். அது அவர்களுடைய இசைதான், அவர் கற்பனையில் சேர்த்ததல்ல. இருந்தும் அந்த இடத்துக்கு அது பொருந்தாது என்பதை அவர்களால்தான் சொல்ல முடிந்தது. ஒரு களஆய்வு நூலைப் பிரெஞ்சில் அச்சிட்டு அந்தக் கிராமத்துக்கு அனுப்பியிருந்தால் இந்தத் திருத்தம் வந்திருக்காது. படத்துக்கு மானிடவியலில் தனியிடம் உண்டென்றால், எனக்கு முதல் காரணம் இதுவே.

அதே ரூஷ், காலனிய அதிகாரிகளின் ஆவிகள் தங்கள்மேல் இறங்குவதாக நம்பிய மேற்கு ஆப்பிரிக்க ஹௌகா வழிபாட்டினர் ஆவேசம் வந்து ஆடுவதைக் காட்டும் ‘லே மேத்ர ஃபூ’ (1955) படத்தைப் பாரிஸில் முதலில் திரையிட்டபோது, அவருடைய ஆசிரியர் கிரியோல் உட்படப் பலர் அதை அழித்துவிடும்படி சொன்னார்கள். அங்கிருந்த ஆப்பிரிக்கர்களும் கொதித்தார்கள். பத்தாண்டு கழித்துச் செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேன், எங்களைப் பூச்சிகளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறீர்கள் என்று ரூஷின் முகத்துக்கு நேரே சொன்னார். கிராமத்தில் காட்டித் திருத்தம் பெற்றவருக்கே இந்தக் கேள்வி வந்தது. படமெடுக்கப்பட்டவர்களின் ஒப்புதல் ஒன்று, அந்த உருவத்தைச் சுமந்து நகரத்தில் நடமாட வேண்டியவர்களின் ஒப்புதல் வேறொன்று. இரண்டும் வேண்டும்.

துறைவாசல்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அமெரிக்க மானிடவியல் சங்கம் 2001-லேயே, பணிநியமனத்திலும் பதவி உயர்விலும் இனவரைவியல் படங்களை ஆய்வுப் பணியாகக் கருதவேண்டும் என்று அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஆகவே, ஏற்கலாமா என்பதைவிட எப்படி மதிப்பிடுவது என்பதே இனி எங்கள் கேள்வி. உங்கள் பதிவுகளிலிருந்து துறைக் கூட்டத்துக்கு ஒரு முன்மொழிவு எழுதிவருகிறேன். முடிந்த படத்தோடு வெட்டாத காட்சிகளின் பட்டியலும், எதை எதோடு சேர்த்தேன் என்ற தொகுப்புக் குறிப்பும் தரவேண்டும். பேச்சு முழுவதற்கும் சப்டைட்டில் வேண்டும். விடும் இடத்தில் காரணம் எழுதவேண்டும். படமெடுக்கப்பட்டவர்களுக்குத் திரையிட்டு, அவர்கள் சொன்னதையும் ஆய்வேட்டில் ஓர் இயலாகச் சேர்க்கவேண்டும். ஒரு ஐயம் மட்டும் மீதி இருக்கிறது. மாணவி எடுத்த காட்சிகளில், ஒரு வழிபாட்டில் பெண்கள் மட்டும் கலந்துகொள்ளும் பகுதி இருக்கிறது. எடுக்க அனுமதி கொடுத்தவர்களே, ஊர் ஆண்கள் பார்க்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். தேர்வாளர்களில் இருவர் ஆண்கள். இதை எப்படிக் கையாள்வது?

கோத்தகிரி வாசகர்:

ஆஸ்திரேலியாவில் இதற்கு நெடுநாள் பழக்கம் இருக்கிறது. மானிடவியலாளர் பால்ட்வின் ஸ்பென்சர் 1901-ல் மத்திய ஆஸ்திரேலியாவில் எடுத்த சடங்குப் படங்கள் உட்பட, பூர்வகுடியினரின் மறைச்சடங்குப் பதிவுகளை யார் பார்க்கலாம் என்பதை அந்தந்தச் சமூகத்தாரைக் கேட்டே காப்பகங்கள் முடிவு செய்கின்றன. ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும் என்று பிரித்து வைப்பதும் உண்டு. உங்கள் மாணவி அந்தப் பகுதியைத் தனிக் கோப்பாக எடுத்து வைத்து, ‘ஊர் ஆண்கள்’ என்றால் வெளியூர் ஆண்களும் அடங்குவார்களா என்று அந்தப் பெண்களிடமே முதலில் கேட்கட்டும். அடங்குவார்கள் என்றால், அந்தப் பகுதியை மதிப்பிடப் பெண் தேர்வாளர் ஒருவரை நியமிக்கும்படி துறை எழுத்தில் கேட்கலாம். அவர்கள் சொன்ன நிபந்தனையை, தேதியோடும் சொன்னவர்களின் சொற்களிலேயும், கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கவேண்டும். நூலகத்துக்குக் கொடுக்கும் பிரதியில் அந்தப் பகுதி இருக்கக் கூடாது.